ஒரு ஊதாச் சில்லு

டெலிபோன் அலறியது.

ஜோலீன் ப்ருசாக் பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தாள்.

"அக்கா… ரூடி பேசறேன். போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கேன். நான் ஆளைக் கொன்னுட்டேனாம்! பதினஞ்சு வருஷம் உள்ளேங்கறாங்க!"

டெட்ராய்ட். உட்வர்ட் அவென்யூ. நான்கு நாள் முன்பு விடியற்காலையில், பேக்கரி நடத்தும் ஸ்டெல்லாவை ஒரு கார் மோதிக் கொன்றுவிட்டுப் பறந்திருந்தது. அவள் கோட்டில் நகக்கண் அளவுக்கு ஊதா பெயின்ட் சில்லு.

அந்த ஊதா ஊரில் ஒரே காரில்தான் இருந்தது. ரூடியின் 1970 மாடல். எட்டு சிலிண்டர் ராட்சசன். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், இன்றுவரை அப்படியே.

அரை மணியில் ஜோலீன் ஸ்டேஷனில் நின்றாள்.

டிடெக்டிவ் ஓடெல் ஸ்டோக்ஸ் காபியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தச் சில்லைப் பார்க்கணும் சார்…"

"நீ யாரும்மா? எஃப்.பி.ஐ.யா?"

"கார் பெயின்டர். ரூடியோட அக்கா."

உறையோடு நீட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

சட்டென்று நிமிர்ந்தாள்!

"வெளியே வாங்க சார்."

பின்கட்டில் ரூடியின் கார். வெள்ளைத் துணியில் பாலிஷைத் தொட்டு பானட்டில் நாலு தேய்ப்பு தேய்த்தாள்.

துணி ஊதாவானது.

"தடயத்தை அழிக்கிறியா?"

"பழைய கார்ல நிறம்தான் மேல்தோல். தேய்ச்சா துணியில வரும். உங்க சில்லுல நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கு. அது புது கார்லதான் வரும்."

"புது கார் எவன் ஊதால வாங்கறான்? காசு ஏற ஏற கறுப்பு, வெள்ளை, சாம்பல். சாவு ஊர்வலம் மாதிரில்ல போறானுங்க!"

ஜோலீன் ஊதாத் துணியை மடித்தாள்.

அப்போதுதான் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. அதன் விலைக்கு இரண்டு வீடு வாங்கலாம். இறங்கியவர் பிரஸ்டன் லாத்ராப். பெரிய வக்கீல்.

"மிஸ் ப்ருசாக்? உங்க தம்பிக்கு நான் ஆஜராகறேன். ஃபீஸ் வேண்டாம். குத்தத்தை ஒத்துக்கட்டும்… மூணே வருஷம். வெளியே எடுத்துடறேன்."

"அவன் செய்யலையே…"

"எல்லா அக்காவும் அதைத்தான் சொல்றாங்க. இருங்க, பேப்பர் எடுத்துட்டு வரேன்."

கார்க் கதவைத் திறந்தார்.

கதவின் உள்விளிம்பு, கீல் பக்கம்…

ஊதா!

ஜோலீன் குனிந்தாள். கதவோரத்தில் நகத்தை நுழைத்து இழுத்தாள். சாம்பல் நிறம் வாழைப்பழத் தோலாக உரிந்தது.

"ஏய்! புது கார் அது!"

"மேல ஒட்டியிருக்கிற கலர் பிளாஸ்டிக் ஃபிலிம் அதைவிடப் புதுசு," என்றாள் மெல்ல. "பசை வாசனையே போகல. கதவுக்கு உள்ளே ஒட்ட யாரும் மெனக்கெட மாட்டாங்க."

லாத்ராபின் முகம் ஃபிலிம் ஒட்டாமலே சாம்பலானது.

"சின்ன வயசு ஆசை… அந்தக் கலர். கம்பெனில தனியா சொல்லி அடிக்க வெச்சேன். டெலிவரி எடுத்த மறுநாளே… அந்தம்மா குறுக்க வந்துட்டாங்க…"

"அதுக்கு இவ தம்பி ஜெயிலுக்குப் போகணுமா?"

ஸ்டோக்ஸ் விலங்கை எடுத்தார்.

"கவலையை விடுங்க வக்கீல் சார். இனிமே கலர் தேர்ந்தெடுக்கிற சிரமமே இல்ல. உள்ளே எல்லாருக்கும் ஆரஞ்சு யூனிஃபார்ம்தான்… மேல எதையும் ஒட்ட விடமாட்டாங்க!"