குதிகாலில் ஒரு விரல் இடம்

லேபிளில் இருந்த சின்னப் பெண்ணின் கை இடம் மாறியிருந்தது.

சுபைர் முதலில் தன் மூக்குக்கண்ணாடியைத்தான் குறை சொன்னான். கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மாதிரி லேபிள் ஒட்டி மேஜை மேல் அட்டைப்பெட்டியில் நின்ற இருபத்துநான்கு சர்பத் பாட்டில்களில் ஒன்றை எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தான். லேபிளில் எட்டுப் பேர் மலைச்சரிவில் வரிசையாக நடந்து போகிறார்கள். கடைசியில் போகிற சின்னப் பெண்ணின் இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்க வேண்டும். கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்து அவனே இழுத்த கோடு, அது அவனுக்குத் தெரியாதா? இப்போது அவள் குனிந்திருந்தாள். இடது கை கீழே இறங்கிக் குதிகாலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாதிரி ஒட்டும்போது காகிதம் சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். வேறென்ன நினைப்பது? மணி மூன்று. இடஒதுக்கீடு கேட்டு அன்று கள்ளக்குறிச்சியில் ஊர்வலம். கடைவீதி முழுக்க அடைப்பு. அவனும் பாதி ஷட்டர், பிறகு முக்கால் ஷட்டர், கடைசியில் முழு ஷட்டரையும் இறக்கிவிட்டு டிசைன் கடைக்குள் உட்கார்ந்திருந்தான். தகரத்துக்கு அந்தப் பக்கம் கோஷம் அலை அலையாக வந்து கலெக்டர் ஆபீஸ் பக்கம் நகர்ந்து தேய்ந்தது. உள்ளே தேனும் எலுமிச்சையும் புது மையும் கலந்த வாசனை, ஃபேன் ஓடியும் கலையாமல், தொண்டையில் வந்து படிந்துகொண்டே இருந்தது.

கோஷம் ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒட்டிய காகிதத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம். பல்லியாக இருக்கும். எலியாகவும் இருக்கலாம். பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

படம் அவனுடையதல்ல. இதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதே சுபைருக்குக் காது மடல் சுட்டது.

வடக்கனந்தல் நாராயணசாமி அண்ணன், கரும்புக் காட்டோடு சர்பத் கம்பெனியும் ஆரம்பித்தவர், கல்வராயன் மலைத்தேன் என்று போட்டு விற்கிறோமே, லேபிளில் மலைக்காரர் கைவண்ணம் மாதிரி ஏதாவது வேண்டும் என்றார். சுபைர் மார்கழிக் குளிரில் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினான். அங்கேதான் ராஜாம்பாளைப் பார்த்தான். நாற்பது வயசு இருக்கும். கரித்துண்டும் செம்மண்ணும் வைத்து வீட்டுச் சுவரில் ஆட்களாக வரைந்து வைத்திருந்தாள். சார்ட் பேப்பரைக் கொடுத்து அதே மாதிரி வரைந்து தரச் சொன்னான். அரை மணி நேரத்தில் எட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் இடது குதிகாலில் கோடு சேராமல், ஒரு விரல் அளவு இடம் விட்டிருந்தது.

“மறந்துட்டீங்களாக்கா?”

“மறக்கல தம்பி. இவங்கெல்லாம் எங்க வூட்ல செத்தவங்க. வரைஞ்சா வருவாங்க. வந்து பாத்துட்டு அந்த வழியா போயிடுவாங்க. மூடிட்டா எங்க போவாங்க?” கடைசியில் நின்ற சின்ன உருவத்தைத் தொட்டாள். “இது என் பொண்ணு பூமாலை. பாம்பு கடிச்சிருச்சு. ஏழு வயசு. சின்னசேலத்துல ரயிலு போவுமாமே, அதக்கூட பாத்ததில்ல. பாட்டிலோட நாலு ஊரு சுத்தட்டும். நீ அந்த எடத்த மட்டும் மூடிராத. சொல்லு.”

“மூட மாட்டேன்க்கா” என்றான். அவள் தலையில் அடித்துச் சத்தியம் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து நம்பினாள், பாவி மனுஷி.

ஸ்கேன் செய்து, அதன் மேல் கோடு இழுத்து, வண்ணம் ஊற்றும்போது வண்ணம் நிற்கவில்லை. கோடு மூடியிருந்தால்தான் உள்ளே நிரம்பும். உருவத்துக்கு அடியில் தனியாக ஒரு வண்ண வடிவம் வெட்டி வைத்திருந்தால் இடைவெளியை அப்படியே விட்டிருக்கலாம். மொத்தமே ஒரு மணி நேர வேலை. சோம்பேறித்தனம். எட்டுக் குதிகாலையும் எட்டு க்ளிக்கில் மூடினான். செம்மண் நிறம் பளிச்சென்று நிரம்பியது. டீ குடிக்கப் போனான்.

அதோடு விட்டானா? நாராயணசாமி படத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, “தம்பி, நீயே வரைஞ்சியா?” என்று கேட்டபோது சும்மா சிரித்தான். இரண்டாம் தடவை கேட்டபோது, “ஆமாங்கண்ணே” என்றான். அவர் மகிழ்ந்துபோய் லேபிள் ஓரத்தில் ‘ஓவியம்: சுபைர்’ என்று போடவைத்தார். அவன் மனைவி பௌசியா அந்தப் பெயரைப் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். அன்று ராத்திரி அவள் பரிமாறிய சோறு அவனுக்கு இறங்கவில்லை.

சுரண்டல் நின்றது. பிறகு வேறு பாட்டிலில் தொடங்கியது.

சுபைர் பெட்டியை எட்டிப் பார்த்தான். ஒரு பாட்டிலில் மட்டுமல்ல. இருபத்துநான்கிலும் பூமாலை குனிந்திருந்தாள். அவளுக்கு முன்னால் போகிற கிழவன் திரும்பியிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவளும். எட்டுப் பேரும் நடப்பதை விட்டுவிட்டுத் தங்கள் குதிகாலை, அவன் மூடிய இடத்தை, விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்கள். அசைவது தெரியவில்லை. கண் சிமிட்டிவிட்டுப் பார்த்தால் விரல் வேறு இடத்தில் இருந்தது.

யா அல்லாஹ்.

கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தான். அங்கேயும் அப்படியே. பூமாலையின் குதிகாலைப் பெரிதாக்கி, தான் கோட்டைச் சேர்த்த புள்ளியைத் தேடி, வெட்டினான். கோடு விட்டது. செம்மண் நிறம் வடிந்து மறைந்தது. திரையில் அவள் நிமிர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். அடுத்த நொடி அந்த இடத்தில் வெறும் வெள்ளை.

போய்விட்டாள். அவ்வளவுதானா? இவ்வளவு சுலபமா? அழுகை வந்துவிட்டது அவனுக்கு. மற்ற ஏழு பேரையும் வெட்டினான். ஏழு பேரும் போனார்கள்.

ஆனால் பெட்டியில் சுரண்டல் நிற்கவில்லை. அச்சில் ஏறியது ஏறியதுதான். சேலத்து அச்சகத்தில் மீதி நாற்பதாயிரம் லேபிள் ஐந்து மணிக்கு ஓடப்போகிறது. நாற்பதாயிரம் பூமாலை. அத்தனையும் மூடியது. நிறுத்த ஒரே வழி, ஆர்டர் கொடுத்த நாராயணசாமி சொல்ல வேண்டும்.

போன் போட்டான்.

“அண்ணே, அச்ச நிறுத்தணும். படத்துல ஒரு தப்பு.”

“இன்னா தப்பு? நீ வரைஞ்ச படந்தான? உனுக்குத் தெரியாம இன்னா தப்பு வந்துரும்?” அவர் சிரித்தார். பின்னால் நிறையப் பேர் குரல். “இங்க ஊருசனம் மொத்தம் பாட்டில வச்சிக்கினு உன்னத்தான் பேசிக்கினு இருக்குது. இந்தா, ஸ்பீக்கர்ல போடறேன், நீயே சொல்லு.”

வாயைத் திறந்தான். நான் வரையவில்லை. இரண்டே வார்த்தை. ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள். பாட்டிலின் ஓரத்தில் அச்சாகியிருந்த தன் பெயரைப் பார்த்தான்.

“ஒண்ணுமில்லீங்கண்ணே” என்றான். “கலரு கொஞ்சம் கம்மியா தெரிஞ்சுது. பரவால்ல. ஓட்டச் சொல்லுங்க.”

போனை வைத்த பிறகு கடைக்குள் சுத்தமாகச் சத்தம் நின்றது. ஃபேன்கூட ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் ராஜாம்பாள் கூப்பிட்டாள். மலையில் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்றிருப்பாள், காற்று இரைந்தது.

“தம்பி, தொந்தரவு பண்றேன்னு நெனைக்காத. மத்தியானத்துலேர்ந்து பொண்ணு அழுவுற சத்தம் கேட்டுக்கினே இருக்குது. நீ வழி வுட்டுட்டல்ல?”

“வுட்டுட்டேன்க்கா.”

“அப்ப ஏன் அழுவுறா?”

பெட்டிக்குள் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. எட்டுப் பேரும் தேடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாம்பாள் யாருக்கும் வாய் வரையவில்லை. இப்போது எல்லாருக்கும் வாய் இருந்தது. திறந்திருந்தது.

“தெரியலக்கா” என்று அழைப்பைத் துண்டித்தான்.

ஐந்தேகால். மறுபடி போன். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற இளவரசன்.

“சார், ஒரு டவுட்டு. மாதிரியில கை தொங்கினு இருந்துச்சே. இப்ப வர்றதுல எல்லாரும் கையால கோட்டத் தள்ற மாதிரி இருக்குது. வாயி வேற பொளந்துக்கினு… பாக்கவே ஒரு மாதிரி இருக்குது சார். ஆறாயிரம் ஓடிருச்சு. நிறுத்திட்டு முதலாளிகிட்ட கேக்கட்டுமா?”

அவன் குரலுக்குப் பின்னால் மெஷின் தடதடத்தது. ஒவ்வொரு தாளும் விழ விழ, தடதடப்புக்குள், ஒரு சுரண்டல். தாள். சுரண்டல். தாள். சுரண்டல்.

நிறுத்து. சொல்லிவிடு. நிறுத்து.

முதலாளியிடம் கேட்பான். முதலாளி இவனிடம் கேட்பார். ஊர் கேட்கும். பௌசியா கேட்பாள்.

“வேணாம்” என்றான் சுபைர். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. “நான் அப்படித்தான் வரைஞ்சேன். ஓட்டுங்க.”

போன் கையிலிருந்து நழுவியது. ஷட்டர் பக்கம் போக எழுந்தான்.

முன்வரிசைப் பாட்டில் ஒன்றில் லேபிளின் ஓரம் மெல்லத் தூக்கியது. காகிதத்துக்கு அடியிலிருந்து ஒரு நகம் வெளியே வந்தது. சின்ன நகம். ஏழு வயசுப் பிள்ளையின் நகம், இடுக்கெல்லாம் செம்மண். அதற்கு மேல் வர வழியில்லை. விரல் நுனி மட்டும் வளைந்து, அவன் பெயர் அச்சாகியிருந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சுரண்டத் தொடங்கியது.