ராசாங்கத்தின் காலில் கட்டிய துண்டு

"அக்கா, நாளைக்குப் பத்து மணிக்குப் பத்திர ஆபீஸ்ல டோக்கன் போட்டாச்சு. எங்க நெலம் போயிடும்!"

பூலாம்பாடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த கொளஞ்சியம்மாள், பெரம்பலூரில் மலர்க்கொடியின் வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்துவிட்டாள். மலர்க்கொடி ஒன்றும் போலீஸ் இல்லை. அடுத்தவர் பெயரில் புத்தகம் எழுதுவது அவர் பிழைப்பு. சொல்பவர் மறந்த இடங்களைத் தானே இட்டு நிரப்புவார். அட்டையில் மட்டும் அவர் பெயர் இருக்காது. கொளஞ்சியின் அப்பா ராசாங்கத்தின் வாழ்க்கைக் கதையையும் இப்போது அவர்தான் எழுதிக்கொண்டிருந்தார்; எழுதியவரை ஒரு காப்பியை ராசாங்கத்திடம் கொடுத்தும் இருந்தார்.

அந்தக் கதையில் ஒரு விபத்து. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பு, மழையில், ஆலத்தியூர் ரோட்டில் ராசாங்கம் ஓட்டிய லாரி கவிழ்ந்தது. யாரோ ஒருவர் அவரை இழுத்துப்போட்டு, காலில் கட்டுப்போட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். ராசாங்கம் அவரைத் தேடாத ஊரில்லை.

"இப்ப செல்லதுரைன்னு ஒரு சோளப் புரோக்கரு, நான்தான் அந்த ஆளுன்னு வந்து நிக்கிறாருக்கா. அப்பா ரெண்டு ஏக்கரையும் அவரு பேருல எழுதப்போறாரு. எங்க வம்சத்துலயே மொத மொத வாங்குன நெலம். அதுல வெங்காயம் போட்டுத்தான் எம்புள்ளைய படிக்க வெக்கிறேன்."

"கெளம்புங்கக்கா, நாலு கேள்வி கேட்டா தெரிஞ்சிடும்!" என்றாள், மலர்க்கொடிக்குத் தட்டச்சு செய்து கொடுக்கும் மஞ்சு. அவளுக்குப் புத்தகத்தைவிட வம்பு பிடிக்கும்.

ராசாங்கத்தின் வீட்டில் செல்லதுரை மாப்பிள்ளை போல உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யாவோட புத்தகத்தப் படிச்சீங்களா?" என்று மலர்க்கொடி மெதுவாகக் கேட்டார்.

"எனக்கெதுக்குங்க புத்தகம்? சத்தியமா கண்ணுல பாத்ததில்ல."

"அப்ப அன்னிக்கு நடந்தத நீங்களே சொல்லுங்க."

"நல்ல மழ. அண்ணன இழுத்துப் போட்டேன். ரத்தம் நிக்கல. எந்தோள்ல கெடந்த பச்சத் துண்டக் கிழிச்சு கால்ல கட்டுனேன்."

"கேட்டியா தாயி! அந்தப் பச்சத் துண்டு இன்னும் எங்கண்ணுலயே நிக்குது" என்றார் ராசாங்கம்.

மலர்க்கொடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "மஞ்சு, புத்தகத்துக்காக அய்யா அன்னிக்குப் பேசுனத போடு."

மஞ்சுவின் போனில் ராசாங்கத்தின் குரலே ஒலித்தது: "அப்ப எனக்கு நெனவே இல்ல தாயி. எதால கட்டுனாருன்னு தெரியாது. ஆஸ்பத்திரியில அவுத்து எறிஞ்சுட்டாங்க. நீயா ஏதாச்சும் போட்டு எழுதிக்க."

"போட்டேங்கய்யா. பச்சத் துண்டு என் கற்பனை. திரும்பத் திரும்பப் படிச்சு உங்களுக்கே அது நெசமாயிடுச்சு. ஆனா புத்தகத்தக் கண்ணுலயே பாக்காதவருக்கு அது எப்படித் தெரிஞ்சுது? நான் குடுத்த காப்பி எங்கங்கய்யா?"

ராசாங்கம் தலையைச் சொறிந்தார். "நாலு பேரு படிக்கட்டும்னு டீக்கடையில குடுத்து வெச்சேன்."

செல்லதுரை காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "லோடு நிக்குதுங்க" என்று நழுவினார்.

"திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி போறாரு பாருங்கக்கா!" என்று மஞ்சு சிரித்தாள்.

"அப்பாடா!" என்று கொளஞ்சி சுவரில் சாய்ந்து அழுதே விட்டாள்.

செல்லதுரை வைத்துவிட்டுப் போன காபி டம்ளரை ராசாங்கம் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "பேரச் சொல்லாம போன மனுசன், நெலத்துக்கு வந்து நிப்பானா? இது எனக்குத் தோணலயே."

"விடுங்கப்பா. டோக்கன கேன்சல் பண்ணிடலாம்."

"எதுக்கு? ஆதார் கார்ட எடுத்து வெச்சுக்க. காலைல ஒம்பேருல எழுதிடுறேன்."