அம்மா கண்டுபிடித்த விண்மீன்

அம்மா அன்று பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். மகள் பொரோக்காவுக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

ஹங்கேரியில் ஒரு குன்றின்மேல் இருந்த வானாய்வுக் கூடத்தில் அவள் அம்மா ஷரோல்தாவுக்கு வேலை. ஒரே வானத்தை வெவ்வேறு இரவுகளில் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை விளக்குப் பலகையில் வைத்து ஒப்பிடுவாள். தகட்டில் வானம் வெள்ளை, விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகள். எந்தப் புள்ளி நாளுக்கு நாள் பெருத்துச் சிறுக்கிறதோ, அது ஒளி மாறும் விண்மீன். கண்டுபிடித்தவர் பெயரோடு பட்டியலில் ஏறிவிடும்.

அங்கே எல்லாருக்கும் ஒன்றிரண்டு விண்மீன்கள் இருந்தன. அம்மாவுக்கு மட்டும் நான்கு வருடமாக ஒன்றுமில்லை. இன்று காலைதான் கிடைத்தது!

"பதினோரு தகட்டுல இல்ல சார்! பன்னெண்டாவதுல மட்டும் பளிச்சுனு இருக்கு!" என்று அம்மா கூவினாள்.

கூடத்தின் தலைவர் கெலெமென் உடனே தந்தி எழுதிவிட்டார். நான்கு மணித் தபால் வண்டி அதை ஊரிலுள்ள தந்தி ஆபீசுக்குக் கொண்டு போகும். இரவுக்குள் உலகமே வானத்தில் அந்த இடத்தைப் பார்க்கும்.

பன்னிரண்டாவது தகடா? செவ்வாய்க்கிழமை பலகைமேல் கிடந்தது அதுதானே! அன்றைக்குத்தான், அம்மா தொடக் கூடாது என்று சொன்ன கறுப்பு மைப் பேனாவை எடுத்துப் பூனைப் படம் வரைந்தாள் பொரோக்கா. மை இறங்கவில்லை. ஓங்கி ஒரு உதறு உதறினாள். ஒரு துளி தகட்டில் தெறித்திருக்குமோ?

மணி மூன்றே முக்கால்.

ஒருவேளை அது உண்மையான விண்மீனாகவே இருந்தால்? வீணாகத் திட்டு வாங்க வேண்டுமே!

அவள் பலகை அருகே போனாள். விண்மீன்கள் பதிந்திருப்பது கண்ணாடியின் அடிப்பக்கம். மை தெறித்திருந்தால் மேல்பக்கம்தான் இருக்கும். புள்ளியையே பார்த்தபடி தலையை இடப்பக்கம் சாய்த்தாள். பிறகு வலப்பக்கம்.

மற்ற புள்ளிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி மாறவில்லை. அம்மாவின் விண்மீன் மட்டும் பக்கத்துப் புள்ளியை விட்டு விலகியது, நெருங்கியது.

ஐயோ!

வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. கெலெமென் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"மாமா, போகாதீங்க!"

"என்னடி பொரோக்கா, இப்படிக் கத்துற?" என்றாள் அம்மா.

"அது விண்மீன் இல்லம்மா. மை. உன் பேனாவ நான்தான் உதறினேன். தலையச் சாய்ச்சுப் பாரு, நகருது."

அம்மா பாட்டை நிறுத்தினாள். குனிந்தாள். தலையைச் சாய்த்தாள். ஈரப் பஞ்சை எடுத்து மெதுவாகத் துடைத்தாள். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த விண்மீன் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஹாரன் மறுபடி அலறியது. கெலெமென் ஜன்னல் வழியாக, "ஒண்ணும் இல்லப்பா, நீ கிளம்பு!" என்று கத்தினார்.

அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. பொரோக்காவுக்கும் அழுகை முட்டியது. "திட்டும்மா," என்றாள்.

"திட்டத்தான் போறேன். கொஞ்சம் இரு, மூச்சு விட்டுக்கிறேன்."

கெலெமென் அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். "ஷரோல்தா, இதப் பாரு. இல்லாத விண்மீன்களோட பட்டியல். தப்பா கண்டுபிடிச்சதெல்லாம் இதுல இருக்கு. அஞ்சாம் நம்பரப் படி."

அம்மா மூக்கை உறிஞ்சியபடி படித்தாள். "மீசை முடி... கெலெமென்?"

"என் மீசைதான். தந்தி போய்ச் சேர்ந்தப்புறம் தெரிஞ்சுது! ஒரு வருஷம் எங்க போனாலும் சிரிச்சானுங்க. உன்னக் காப்பாத்த ஆள் இருந்தது. எனக்கு யாரு இருந்தா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்த்து. கெலெமென் கடைசி வரியில் எழுதினார்: 'முப்பத்தெட்டு. மைத்துளி. கண்டறிந்தவர்: பொரோக்கா, வயது பத்து.'

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மகளின் காதைத் திருகி, அதே கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நாலு வருஷமா நான் முட்டி மோதுறேன். நம்ம வீட்டுல முதல்ல பட்டியல்ல ஏறினது நீயாடி?"