டிரையருக்குள் ஆள்

சிவப்புப் புள்ளி அவள் வைத்த வரியில் இல்லை.

ஹுமா லேப்டாப்பை அருகே இழுத்துக்கொண்டாள். புரோகிராம் எழுதும் எடிட்டரில் அன்று காலைதான் ஒரு புது பிளகினைச் சேர்த்திருந்தாள். ஓடுகிற புரோகிராமைக் கண்ணுக்குக் காட்டுவது அது. எந்த வரி ஓடுகிறதோ அங்கே மஞ்சள் அம்பு நிற்கும். சிவப்புப் புள்ளி வைத்த வரியில் எல்லாம் நின்றுவிடும். அந்த நேரத்து அளவுகள் ஓரத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். வெப்பத்தை அளக்கும் வரியில்தான் புள்ளி வைத்திருந்தாள். இப்போது அது மேலே ஏறி, டிரையருக்குள் ஆள் இருக்கிறாரா என்று சோதிக்கும் வரியில் உட்கார்ந்திருந்தது.

அந்த வரியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குன்னூருக்குக் கீழே உள்ள இந்தத் தேயிலை ஃபேக்டரிக்கு, தேயிலையை அனல் காற்றில் உலர்த்தும் டிரையரை இயக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவள் அவள். உள்ளே ஆள் இருந்தால் மெஷின் ஓடாது என்றுதான் எழுதியிருந்தாள். அடிக்கடி நின்று தூள் வீணாகிறது என்று மேனேஜர் ஜெஃப்ரி யாரையோ வைத்து அந்தச் சோதனையைத் தூக்கிவிட்டார். போன வாரம் தொழிலாளி விஜயன் தூசி தட்ட உள்ளே போனார். அது தெரியாமல் வெளியே மெஷினைப் போட்டார்கள்.

நாளை விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள். ஜெஃப்ரிக்கு அதற்குள் அந்த வரி முதலிலிருந்தே இருந்ததுபோலப் பழைய தேதியோடு திரும்பி வர வேண்டுமாம். வரியைத் திரும்ப எழுதியிருந்தாள், இனி உள்ளே போகிறவர்களுக்காக. தேதியில் மட்டும் கை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஃபேக்டரியில் யாரும் இல்லை. மாடி அறையின் கண்ணாடி வழியே பார்த்தால் கீழே டிரையர் கதவு திறந்தபடி கிடந்தது. ஜன்னல் இடுக்குகளில் நுழைந்த மூடுபனி மெஷின்களின் காலைச் சுற்றிக்கொண்டிருக்க, தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தமும், ஆறிப்போன இரும்பு எங்கோ டக்கென்று சுருங்கும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. வறுபட்ட தேயிலை வாசனைக்கு அடியில், எத்தனை முறை கழுவியும் போகாத இன்னொரு வாசனை இருந்தது.

புரோகிராமை ஓட்டினாள். அம்பு வந்து புள்ளியில் நின்றது. ஓரத்துக் கட்டத்தில் ஒரு வரி.

உள்ளே_ஆள் = 1

படி இறங்கிப் போய் டிரையருக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். வெறும் தட்டுகள். கருந்தூள். மேலே வந்தாள். அதே 1. மெஷினிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கிப் போட்டாள். இனி அந்தக் கட்டம் காலியாக வேண்டும்.

1.

அதன் கீழே புதிதாக ஒரு கட்டம் திறந்தது. உடல்_வெப்பம். அப்படி ஒரு பெயரை அவள் எழுதியதே இல்லை. 37. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 38. பிறகு 41.

பின்னால் கதவு இடித்துத் திறந்தது. ஜெஃப்ரி.

"ஏம்மா, இன்னும் முடியலையா? காலைல வந்து நிப்பாங்க."

"உள்ள ஆள் இருக்குன்னு காட்டுதுங்க சார்."

"சென்சார் கெட்டுக் கிடக்கும். இதுக்குத்தான் அன்னிக்கே தூக்கச் சொன்னேன். அவன் குடிச்சுட்டு உள்ள போய்ப் படுத்துட்டான், நான் என்ன பண்றது?"

"விஜயண்ணன் குடிக்கவே மாட்டாருங்க." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அவரு சம்சாரத்துகிட்டயும் இதையேதான் சொன்னீங்களாமா?"

"வீரம்மாகிட்ட என்ன சொல்லோணும்னு எனக்குத் தெரியும். நீ தேதியை மாத்து."

"அப்படீன்னா நீங்களே உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க. ஆளில்லைன்னா மாத்தறேன்."

மாற்றுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். அவர் அவளைப் பற்றி ஏதோ முனகிக்கொண்டே டார்ச்சை எடுத்துப் போனார். போகட்டும் என்றிருந்தது. அந்த இருட்டில் ஒரு நிமிஷமாவது நிற்கட்டும்.

கீழே அவர் தலையைக் குனிந்து டிரையருக்குள் நுழைவது கண்ணாடியில் தெரிந்தது.

உள்ளே_ஆள் = 2

மஞ்சள் அம்பு நகர்ந்தது.

அவள் எதையும் தொடவில்லை. சோதனை வரியைத் தாண்டியது. தாண்டவே கூடாது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. மெஷினைப் போடும் வரி.

"சார்! வெளிய வாங்க! சார்!"

டிரையர் கதவு சாத்திக்கொண்டது.

நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அம்பு அசையவில்லை. படிகளில் விழுந்தடித்து ஓடினாள். மெயின் சுவிட்ச் அணைந்தே இருந்தது. ஃபேக்டரி முழுக்கக் கரண்ட் இல்லை.

டிரையரின் காற்றாடி சுற்றத் தொடங்கியது.

முதலில் மெல்ல. பிறகு தரை அதிர்ந்தது. மூடுபனி விலகி ஓடியது. முகத்தில் அனல். கதவின் பிடி கொதித்தது. துப்பட்டாவைச் சுற்றி இழுத்தாள். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள்.

"ஹுமா! தொற! ஹுமா!"

கதவில் பதித்த சிறிய கண்ணாடியில் ஜெஃப்ரியின் உள்ளங்கை அறைந்தது. மீண்டும் அறைந்தது. விரல்கள் விரிந்து ஒட்டிக்கொண்டன.

பின்னாலிருந்து இன்னொரு கை வந்தது. தோல் கருகி, தேயிலைத் தூள் அப்பிய கை. அதற்கு அவசரமே இல்லை. அவருடைய விரல்களுக்குள் தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கோத்து, கண்ணாடியிலிருந்து பிரித்து, உள்ளே கூட்டிப்போனது.