முடி முளைத்த தழும்பு

கன்னத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. நாகலிங்கத்துக்கு அது தெரியவேயில்லை. தீவுத் தலைநகரின் டெலானிபூர் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளன் விஜயன் அந்த எறும்பையே பார்த்துக்கொண்டு நின்றான். நாகலிங்கத்தின் மனைவி ரெங்கம்மா முந்தானையால் எறும்பைத் தட்டிவிட்டார்.

"இப்பிடித்தாங்க டாக்டரம்மா. டீ ஒழுகுனாக்கூடத் தெரியறதில்ல."

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் சுனாமி வந்தபோது, தோளிலிருந்த மகள் அப்பாவின் கன்னத்தை நகம் பதியப் பற்றினாள். அலை அவளைக் கொண்டுபோய்விட்டது. சில வருஷமாக அந்த இடம் தடிக்கவே, மகள்தான் திரும்பி வந்து பிடிக்கிறாள் என்று நம்பினார் நாகலிங்கம். விடிந்ததும் அதைத் தடவிக்கொண்டே அவளோடு பேசுவார். தீவில் யார் உடம்பில் எந்த வடு இருந்தாலும் பழி அலையின் மேல்தான் விழும். வேறொரு மருத்துவமனையில் கன்னத்துச் சதையை எடுத்துப் பார்த்தவர்களும் பழைய தழும்பு என்றே சொல்லிவிட்டார்கள். ரெங்கம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்தச் சதைச் சீவலை ஒட்டிய கண்ணாடித் தகட்டையும் மீதிச் சதையையும் அங்கிருந்து வாங்கி வந்திருந்தார். இனிமேல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று நாகலிங்கம் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கிடையே நாலு நாள் தாடி தெரிந்தது.

டாக்டர் சுசீலா பதறாதவர். நெடுநேரம் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு விஜயனுக்கு இடம் விட்டார்.

"தழும்புதான் மேடம். நார்நாரா ஓடுது. கதம், வேலை முடிஞ்சுது," என்றான் அவன்.

"அவசரக்குடுக்கை. நாருக்கு நடுவுல என்ன இருக்கு பாரு."

முடிவேர்கள் இருந்தன, வரிசை கலையாமல்.

"ஆழமா வெட்டி ஆறின இடத்துல முடிவேர் செத்துப்போகும். அவர் தடிப்பு மேலயே தாடி முளைச்சிருக்கு. லேசான கீறல்னா இவ்வளவு நார் கட்டாது. அப்போ காயமே இல்லாம தழும்பு எங்கேருந்து வந்துச்சு? ஓரத்துல நரம்பைப் பாரு."

மெலிந்த செல்கள் நரம்பைச் சுற்றிச் சுற்றிப் படர்ந்திருந்தன. அவற்றுக்கு எங்கோ போகவேண்டியிருந்ததைப் போலத் தோன்றியது விஜயனுக்கு. பயமாகவே இருந்தது.

"தழும்பு நரம்பைத் தேடிப் போகாது. இது நரம்பைச் சுத்திப் பிடிச்சிருக்கு. அதான் எறும்பு தெரியல. இது மெலனோமா, தோல் புற்று. கறுப்பு நிறமே இல்லாம தழும்பு வேஷம் போடுற அபூர்வமான வகை."

மீதிச் சதை சென்னைக்குப் போனது. சாயப் பரிசோதனையும் அதையே சொன்னது.

இருவரையும் உட்காரவைத்து சுசீலா எல்லாவற்றையும் விளக்கினார். வேறெங்கும் பரவவில்லை, இப்போதே அகலமாக அறுத்தெடுத்தால் பிழைக்கலாம், விட்டால் நரம்பு வழியே மண்டைக்குள் ஏறும் என்றார். குழந்தையின் நகக்கீறல் சில நாளிலேயே சுவடில்லாமல் ஆறியிருக்கும் என்பதையும் மெதுவாகச் சொன்னார்.

நாகலிங்கத்தின் கை கன்னத்திலேயே இருந்தது.

"அப்ப இத்தன நாளா நான் யாருகிட்டங்க பேசிக்கிட்டு இருந்தேன்?"

பதில் சொன்னது ரெங்கம்மாதான்.

"எம்புள்ள உங்களுக்கு வலிக்கிற மாதிரி எதையும் வச்சிட்டுப் போகலங்க."

நாகலிங்கம் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.