சந்து முனையில் ஒரு பொட்டு

பஞ்சு காயவில்லை.

காலையில் துடைத்துவிட்டு ஜன்னல் விளிம்பில் போட்டது. ஆடி மாதத்துச் சிவகாசி வெயிலில் ஒரு சேலையைக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிழிவதற்குள் முதல் சேலை மொடமொடத்துவிடும். அந்த வெயிலில், கட்டைவிரல் பருமன்கூட இல்லாத பஞ்சு மதியம் வரை சொதசொதவென்று கிடந்தது. காலையில் வெளிறிய சிவப்பாக இருந்தது, இப்போது கருத்திருந்தது. யோகேஸ்வரி அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில், பல பேர் அடைந்து கிடந்து நெடுநாள் திறக்காத அறையின் வியர்வை வாடை. சீ என்று கீழே போட்டுவிட்டு, போட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அவள் காலண்டர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே படம் சரிசெய்து கொடுப்பவள். முருகன் முகத்தில் விழுந்த கீறலை மறைப்பாள், லட்சுமியின் சேலைக்குப் பளபளப்பு ஏற்றுவாள். இந்த சீசனில் வந்த ஆர்டர் கொஞ்சம் விசித்திரமானது. எண்ணெய் வியாபாரி அய்யாதுரை அண்ணாச்சிக்கு, சாமி படத்துக்குப் பதிலாகத் தங்கள் தெருவின் பழைய வரைபடத்தைப் போட்டுக் காலண்டர் அடிக்க ஆசை. வீட்டுப் பெட்டியில் பரம்பரையாகக் கிடந்த துணிப்படத்தைச் சுருட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

அழகான படம்தான். விளக்குக் கரியைக் குழைத்து யாரோ பொறுமையாகக் கையால் வரைந்தது. கிணற்றுக்கு வட்டம், கோயிலுக்குக் கொடி, வீட்டு வாசலுக்கு ஒரு சிறிய இடைவெளி. யோகேஸ்வரி குடியிருக்கும் தெருவும் அதில் இருந்தது. அவள் வீடுதான் இல்லை. வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தின் முனை இருந்தது. அந்த முனையில், அப்பிவைத்தாற்போல் கனமாக ஒரு குங்குமப் பொட்டு.

அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இந்த ஊரில் ஆயுத பூஜை வந்தால் அச்சு இயந்திரத்துக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு. படத்துக்கும் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஸ்கேனில் அழுக்காக விழும் என்று பஞ்சை நனைத்துத் துடைத்தாள். பொட்டு லேசில் வரவில்லை. அடுக்கடுக்காக வந்தது. கடைசியில் அடியிலிருந்த சந்து தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் வீடுகள். அத்தனை வாசல்களும் கரிக்கோட்டால் அடித்துப் போடப்பட்டிருந்தன.

அப்போதிருந்துதான் அந்தச் சத்தம்.

தொம். தொம். சமையலறைப் பக்கமிருந்து வந்தது. சத்தத்துக்கெல்லாம் திரும்பிப் பார்ப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். இங்கே எந்நேரமும் யாராவது சரவெடியைச் சோதித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் வெடிச் சத்தம் காதில் விழும். இது பாதத்தில் ஏறியது.

வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. வேகமாக இரண்டு, நிதானமாக ஒன்று. அவள் கணவன் முத்துக்கிருஷ்ணனின் தட்டு. கல்யாணமான நாளிலிருந்து கதவு திறந்திருந்தாலும் அப்படித் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். மதியச் சாப்பாட்டுக்குப் பேப்பர் குடோனிலிருந்து வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது.

"ஏங்க, அடுப்பங்கரைச் சுவத்துல என்னமோ தட்டுற மாதிரி இருக்குங்க."

"அந்தப் பக்கம் அட்டைக் கிடங்குல்லா. பூட்டிக் கெடக்கு, எவன் தட்டப்போறான்?"

இருவரும் போய்ப் பார்த்தார்கள். சாமி அலமாரிக்குக் கீழே, சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. அவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். பூச்சு மாவாக உதிர்ந்தது.

"குழாய் ஒடஞ்சிருக்கு யோகா. உள்ள தண்ணி அடிக்கிற சத்தந்தேன் ஒனக்குக் கேக்குது."

"நாளைக்கு ஆள வச்சுப் பாப்பம்ங்க. நீங்க மொதல்ல சாப்பிடுங்க."

"ஒரு கல்லு எடுத்தாப் போதும். இதுக்கு ஒரு ஆளா?"

அவன் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தபோது அவள் கைபேசி அடித்தது. அய்யாதுரை அண்ணாச்சி. முன்னறையில் கணினி மேசைமேல் படம் விரித்தபடி கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றே பேசினாள்.

"என்ன தாயி, படம் எந்த மட்டுல இருக்கு?"

"ஸ்கேன் எடுத்தாச்சு அண்ணாச்சி."

"சந்தோசம். அந்தப் பொட்டு மட்டும் நல்லாச் செகப்பா விழணும் தாயி. மங்கிறக் கூடாது."

அவள் பொட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள். "அது... எதுக்கு வச்சது அண்ணாச்சி?"

"பழைய கதை. அந்த முட்டுச் சந்துல வாந்திபேதி கண்டுச்சாம். ஊரு கூடி முனையில சுவரு வச்சுட்டாக. ஆளுக உள்ள இருக்கயிலேயே. பொம்பளைக, பிள்ளைக, அம்புட்டுப் பேரும். செத்த பெறகும் தட்டிக்கிட்டே இருந்தாகளாம். படத்துல முனைய அடைச்சுப் பொட்டு வச்ச பெறகுதேன் நின்னுச்சாம். வருசா வருசம் ஆடி வெள்ளிக்கு எங்க அம்மா வப்பாக, இப்ப நான் வைக்கேன்." சிரித்தார். "நிசமோ பொய்யோ, யாரு கண்டா? காலண்டருக்குப் பின்னால போட்டா ஜனங்க படிப்பாகள்ல?"

சமையலறையில் உளி விழும் சத்தம் கேட்டது. ணங். ணங்.

"ஏங்க! ஒடைக்காதீக!"

கைபேசியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் குந்தி உட்கார்ந்து ஒரு செங்கலை அசைத்து அசைத்து வெளியே உருவிக்கொண்டிருந்தான். செங்கல் வந்தது. தொம் தொம் சட்டென்று நின்றது. ஓட்டைக்குள் கிடங்கும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அந்த வியர்வை வாடை மட்டும் அடித்தது. அவள் அவன் தோளைப் பிடிப்பதற்குள் கையை முழங்கை வரை உள்ளே விட்டுவிட்டான்.

"குழாயக் காணோம். என்னமோ மெத்துமெத்துன்னு..."

முகம் மாறியது.

"யோகா, யாரோ கையப் பிடிக்காக."

இழுத்தது. தோள் சுவரில் மோதியது. அவன் அலறினான். அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, காலைச் சுவரில் உதைத்து, பின்னால் சாய்ந்து இழுத்தாள். உள்ளே ஒரு கை இல்லை. பல கைகள் இருந்தன. அவன் கை முறிவதை அவள் தன் மார்பில் உணர்ந்தாள். பச்சை விறகு ஒடிவதுபோல். பிறகு தோள் உள்ளே போனது. தோள் போகவே முடியாத ஓட்டை அது. ஒரே ஒரு செங்கல் அளவு. தோள் போனது. தலை போனது. காதும் கன்னத்துத் தோலும் செங்கல் விளிம்பில் நின்றுவிட்டன. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. சுவர் அசையவில்லை. மேலே சாமி அலமாரி பெயர்ந்து விழுந்தது, குங்குமச் சிமிழ் ஓட்டைக்குள் உருண்டு போனது. அவள் கையில் அவன் சட்டையின் ஒரு கிழிசல் மட்டும் மிஞ்சியது.

தரையெல்லாம் ரத்தம். அவள் கையெல்லாம் ரத்தம்.

"யோகா."

உள்ளேயிருந்து அவன் குரல். உயிரோடுதான் இருந்தான்.

"யோகா, இங்கன நெறையப் பேரு இருக்காக. என்னை வெளிய எடு."

அவள் ஓட்டையை நோக்கித் தவழ்ந்தாள். ஒரு கை வெளியே வந்தது. அவன் கை இல்லை. நகம் இல்லை. சுரண்டிச் சுரண்டி விரல் நுனிகள் தேய்ந்து எலும்பு தெரிந்தது, எலும்பில் சுண்ணாம்பு. அதன் பின்னால் இன்னொன்று. சின்னக் கை. அது அவள் முடியைப் பிடித்தது.

பிய்த்துக்கொண்டு ஓடினாள். கொத்து முடி அங்கேயே போனது. பின்னால் செங்கற்கள் விழுந்தன. ஒன்று. இன்னொன்று. மேசை. படம். சந்தின் முனை வெறுமையாகத் திறந்து கிடந்தது.

குங்குமம் இல்லை. கையில் ரத்தம் இருந்தது.

அவளுக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். அவன் சந்துக்குள் இருக்கிறான்.

"யோகா, வந்துட்டேன். இந்தா, கையப் பிடி!"

கட்டைவிரலைப் படத்தில் வைத்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். வீடு அமைதியானது.

கட்டைவிரலை எடுக்கவில்லை. தெருவில் பலூன்காரன் போனான். ஜன்னலுக்குக் கீழே பஞ்சு வறண்டு கிடந்தது.

சமையலறையில் சுவர் பூசிய கையோடு விட்டதுபோல் வழவழவென்று இருந்தது. ஓட்டை இருந்த இடத்தில் நான்கு விரல்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் கல்யாண மோதிரம்.

விரல்கள் அசைந்தன. மெதுவாக மடங்கி, சுவரைத் தடவிப் பார்த்து, தட்டின. வேகமாக இரண்டு. நிதானமாக ஒன்று.