தரைக்குக் கீழே ஒரு சிக்னல்

போன் அடித்தது.

சனிக்கிழமை. மதியம் இரண்டு மணி. வடக்கு மினசோட்டாவின் ஜனவரிக் குளிர், ஜன்னல் கண்ணாடியில் பனியாக உறைந்து கிடந்தது.

டோரீன் ஹால்வர்சன் ரிசீவரை எடுத்தாள். அந்த ஊருக்கு இண்டர்நெட் கொடுக்கும் சின்னக் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். அவளும், கிப் என்கிற ஒரு சோம்பேறியும்.

"உங்க நெட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க..." ஒரு ஆண் குரல். "மூணு நாளா நிமிஷத்துக்கு ஒரு தடவை புட்டுக்குது. நாலு மணிக்கு எனக்கு ஆன்லைன் சீட்டாட்ட ஃபைனல். இப்பவே ஆள் வரணும்."

"பேரு?"

"வெர்ன் ஓல்ஸ்டாட். ஏரிக்கரை ரோட்டுல கடைசி வீடு."

"வீட்டு போன்ல இருந்துதானே பேசறீங்க?"

"பெட்ரோல் பங்க்ல இருந்து. வீட்டு லைனை வெட்டி விட்டுட்டேன்."

ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மூன்று இருபதுக்கு டோரீனின் வேன் அந்த வீட்டு வாசலில் நின்றது. பக்கத்து வீடு ஒரு மைல் தள்ளி. கைபேசியில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. அது அந்தப் பக்கத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

வெர்னுக்கு அறுபது வயது இருக்கும். மூன்று நாள் தாடி. சிவந்த கண். அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் மான் வேட்டைத் துப்பாக்கி சாய்ந்து நின்றது. அந்த ஊரில் அது குடை மாதிரி. டோரீன் கண்டுகொள்ளவில்லை.

"வீட்ல உங்க சம்சாரம் இல்லையா?"

"ஆர்டிஸ் டுலூத்ல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. நீ வேலையைப் பாரு."

டோரீன் பூட்ஸைக் கழற்றி வாசல் பாயில் வைத்தாள். பக்கத்தில் ஒரு ஜோடி பெண்கள் பூட்ஸ். மேலே கொக்கியில் பெண்கள் கோட்டு, கையுறை, கம்பளித் தொப்பி.

வெளியே மைனஸ் இருபத்தைந்து. எந்தப் பைத்தியக்காரி பூட்ஸ் இல்லாமல் டுலூத் போவாள்?



லேப்டாப்பைத் திறந்தாள். சிக்னல் மீட்டரை ஆன் செய்தாள். முள் அமைதியாக இருந்தது... திடீரென்று துள்ளியது. நெட் கட்.

பத்து விநாடி கழித்துப் படுத்தது. நெட் வந்தது. மறுபடி துள்ளியது. போச்சு.

இந்தத் துள்ளல் அவளுக்கு அத்துப்படி. கார்ட்லெஸ் போன்! அதுவும் வயர்லெஸ் நெட்டும் ஒரே அலைவரிசைக்கு அடித்துக்கொள்ளும் பங்காளிகள். வாரத்துக்கு நாலு வீட்டில் இதே பஞ்சாயத்துதான்.

"வீட்ல கார்ட்லெஸ்..." என்று ஆரம்பித்தவள், மீட்டரோடு ஹாலைத் தாண்டி நடந்தாள். முள் ஏறியது. சமையலறையில் இன்னும் ஏறியது. தரைக்குக் கீழே இறங்கும் பேஸ்மெண்ட் கதவுக்கு முன்னால் உச்சத்தைத் தொட்டது.

கதவில் பூட்டு. வெளிப்பக்கம். புத்தம் புதுசு.

"என்ன கேட்ட?" வெர்ன் பின்னாலேயே நின்றான்.

கீழே ஒரு மனுஷி இருக்கிறாள். கையில் ஏதோ பழைய கார்ட்லெஸ் போன். லைன் இல்லாத போனானாலும் பட்டனை அமுக்கினால் அலை கிளம்பும். அமுக்குகிறாள், விடுகிறாள், அமுக்குகிறாள்... உண்மையைச் சொன்னால் இவன் நேரே கீழே இறங்குவான்!

"கார்டு... லேப்டாப்ல இருக்கிற கார்டு பழசான்னு கேட்டேன்."

"புதுசுதான். கோளாறு எங்க?"

"பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பா இருக்கும்."

"பக்கத்து வீடு ஒரு மைல் தள்ளி இருக்கு."

"அப்ப... உங்க ரவுட்டர்தான் மண்டையைப் போட்டுருச்சு."

வெர்ன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். வாசலுக்குப் போய்க் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டான்.

"ஆட்டம் முடியற வரைக்கும் நீ இங்கதான். நடுவுல கட்டாச்சுன்னா யாரு சரி பண்றது?"

"நான் ஆபீஸ் போகணும் வெர்ன்."

"போலாம். நாலு மணி ஆட்டம் முடியட்டும். அப்புறம் எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சுடறேன்."

எல்லாத்தையும் என்றபோது அவன் பார்வை பேஸ்மெண்ட் கதவுக்குப் போய்விட்டு வந்தது.

பையில் ஒரே ஒரு கேபிள் இருந்தது. ரவுட்டரிலிருந்து அவன் லேப்டாப்புக்கு நேராக இழுத்து மாட்டினாள். வயரில் வரும் நெட்டை எந்த அலையும் தொடாது. திரையில் சீட்டுக்கட்டு ஆடாமல் அசையாமல் நின்றது.

"அட, கெட்டிக்காரிதான் நீ."

"நான் சமையலறையில உட்கார்ந்து ஒரு கண்ணு வெச்சிருக்கேன்."

"நான் பார்க்கிற மாதிரி உட்காரு."

உட்கார்ந்தாள். மணி மூன்று ஐம்பது. தன் லேப்டாப்பில் கிப்புக்கு ஒரே வரி அடித்தாள். ஓல்ஸ்டாட் வீடு, பேஸ்மெண்ட்டில் பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறான், துப்பாக்கி இருக்கிறது, ஷெரிஃபைக் கூப்பிடு.

அனுப்பு.

போகவில்லை! இருந்த ஒரே கேபிள் அவன் லேப்டாப்பில். அவளுடையது இன்னும் வயர்லெஸ்தான்.

முள் துள்ளிக்கொண்டிருந்தது. கீழே இருப்பவள் விடாமல் அமுக்குகிறாள். அவளைக் காப்பாற்றப் போகும் செய்தியை அவளே மறிக்கிறாள்.

மறுபடி அனுப்பு. கட். மறுபடி... கட்.

காலடியில் சூடான காற்று அடித்தது. தரையில் ஹீட்டர் காற்று வரும் கம்பி வலை. அதன் குழாய் நேராக பேஸ்மெண்ட்டுக்குத்தான் போகும்.

டோரீன் வலைக்கு மேல் குனிந்தாள். குரலை உயர்த்தினாள்.

"ஒரு நிமிஷம் எந்தத் தொந்தரவும் இல்லாம இருந்தா போதும்! என் வேலை முடிஞ்சுடும்!"

"யார்கிட்ட கத்தற?" வெர்னின் கை துப்பாக்கியைத் தொட்டது.

"உங்ககிட்டதான். ஒரு நிமிஷம் எதையும் அமுக்காதீங்கன்னு சொன்னேன்."

"என் ஆட்டத்துல நான் அமுக்காம வேற யாரு அமுக்குவா?" எழுந்தான். துப்பாக்கியோடு. ஒரு அடி... இரண்டு அடி...

முள் படுத்தது.

செய்தி போய்விட்டது! லேப்டாப் மூடியைச் சாத்தினாள். வெர்ன் அவள் தலைக்கு மேல் நின்றான். ஹாலில் அவன் லேப்டாப் டிங் என்றது. ஃபைனல் ஆரம்பம். திரும்பி ஓடினான்.

அடுத்த இருபது நிமிஷம் டோரீன் மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

நாலு இருபதுக்கு வெளியே பனியில் டயர்கள் நொறுங்கின. வெர்ன் தலையைத் தூக்கினான். கை துப்பாக்கிக்குப் போனது. அதே நேரம் திரையில் அவன் முறை. பதினைந்து விநாடிக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

துப்பாக்கியைப் பார்த்தான். மௌஸைப் பார்த்தான்.

மௌஸைப் பிடித்தான்.

கதவு உடைந்தது. ஷெரிஃப் ஆட்கள் மூன்று பேர் அவன் மேல் விழுந்தபோதும், "இந்தக் கை முடியட்டும்பா, ஒரே ஒரு நிமிஷம்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

பூட்டை அறுத்தார்கள். ஆர்டிஸ் படியேறி வந்தாள். ஒல்லியான உருவம். தோளில் அழுக்குப் போர்வை. கையில் பழைய கார்ட்லெஸ் போன்.

"என் சேமிப்பு மொத்தத்தையும் ஆட்டத்துல கட்டிட்டான். போலீசுக்குச் சொல்றேன்னேன். கீழே தள்ளிப் பூட்டிட்டான்," என்றாள் ஷெரிஃப் ஆளிடம். குரல் நடுங்கவே இல்லை.

டோரீன் அவளைக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பலே ஆளு நீங்க. லைன் இல்லாத போன்ல உதவி கேட்டீங்களே..."

"உதவியா? யாருக்குக் கேட்கப் போகுது கண்ணு? நான் போனை எடுத்தா அவனுக்கு நெட் போகும். இருபது வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு இது கூடத் தெரியாதா? அவன் தோத்துத் தொலையட்டும்னுதான் அமுக்கினேன்."

"ஆனா நான் குழாய் வழியா கத்தினதும் நிறுத்திட்டீங்களே?"

"நீ கத்தினியா? ஹீட்டர் போடற சத்தத்துல ஒண்ணும் கேட்கல. பேட்டரி செத்துப் போச்சு."

டோரீன் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ... பேட்டரி தீராம இருந்திருந்தா?"

ஆர்டிஸ் கொஞ்சம் யோசித்தாள்.

"நாம ரெண்டு பேரும் செத்திருப்போம்... ஆனா அவன் ஜெயிச்சிருக்க மாட்டான்!"